ஏரிக்கு எந்தப் படகு: 12 அடித் தட்டையா, 16 அடி வி-யா?

பழைய வடாற்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், முதல்முறையாக மோட்டார் படகு வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் சிலர் ஏரியின் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர்கள். சிலர் 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "ஊருக்கு ஒரு படகு இருந்தா நல்லது" என்று நினைக்கும் கரையோர ஊர் இளைஞர்கள். விடுமுறைக்குப் பழவேற்காடு வரை போய்வர ஆசைப்படும் குடும்பங்களும் உண்டு. தேடத் தொடங்கியதும் எல்லோர் முன்னாலும் ஏறக்குறைய ஒரே இரண்டு படகுகள் வந்து நிற்கின்றன.

ஒன்று, 12 அடி நீளம், நாலரை அடி அகலம், அடிப்புறம் பலகை போலத் தட்டையாக இருக்கும் படகு. அலுமினியத்திலோ ஃபைபரிலோ கிடைக்கும். படகின் பின்னால் வெளியே மாட்டும் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு என்ஜின். மற்றது 16 அடி நீளம், 6 அடி அகலம், அடிப்புறம் 'வி' வடிவில் கூராக இறங்கும் ஃபைபர் படகு. அதற்கு 25 அல்லது 40 குதிரைசக்தி என்ஜின். பெரியதைப் பார்த்தவுடன் மனசு அதன் பக்கம்தான் சாயும். கூரான முகப்பு, உயர்ந்த விளிம்பு, வரிசையாக இருக்கை என்று பார்க்கவே தெம்பாக இருக்கும். ஆனால் நம் ஏரியில் வேலை செய்ய வாங்குகிறவருக்கு என் பதில் பெரும்பாலும் சின்னத் தட்டைதான். பெரிய வி எப்போது சரி என்பதையும் சொல்கிறேன். எந்த வரிசையில் யோசித்தால் முடிவு தானாகக் கிடைக்குமோ அந்த வரிசையிலேயே போவோம்.

மார்ச் மாதத்து ஏரியைப் பாருங்கள்

படகுக்கடைக்குப் போவதற்கு முன் ஏரிக்குப் போங்கள். டிசம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் நாளில் எந்தப் படகும் ஓடும். தையில் மதகு திறந்து நெல்லுக்குப் போகத் தொடங்கியதும் உள்வாய்ப் பக்கத்திலிருந்து, அதாவது கரைக்கு எதிரே ஏரி மேடேறும் பக்கத்திலிருந்து, தண்ணீர் பின்வாங்கும். மாசி, பங்குனியில் கரையோரமும் மதகையொட்டியும் மட்டும் ஆழம் மிஞ்சும். நீங்கள் அதிகம் மீன் பிடிக்கப் போவதும் அந்த மாதங்களில்தான். நீர் குறையக் குறைய மீன் ஒரே இடத்தில் சேருகிறது.

ஒரு மூங்கில் கழியில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏரியைப் பழகிய மீன்காரர் ஒருவரோடு பரிசலிலோ லாரி டியூப்பிலோ போய், மதகிலிருந்து உள்வாய் நோக்கி நேர்கோட்டில் அங்கங்கே குத்திப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கழி அடியில் எதைத் தொடுகிறது என்பதையும் குறியுங்கள்: சேறா, மணலா, கல்லா, வேரா. நம் ஏரிகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டிருப்பார்கள். தண்ணீர் ஏறியதும் அது கண்ணுக்குத் தெரியாது. காற்றடைத்த ரப்பர் படகை அது கிழித்துவிடும், ப்ரொப்பெல்லரை உடைக்கும். மணல் அள்ளிய குழிகளும் அப்படித்தான். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரே அடியில் ஆள் மூழ்கும் ஆழம் வந்துவிடும்.

இனி கணக்கு. தட்டைப் படகு இரண்டு மூன்று பேரோடு 12 முதல் 15 சென்டிமீட்டர் மட்டும் அமிழும். என்ஜினின் கால், அதாவது ப்ரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதி, அதற்குக் கீழே இன்னும் 30 சென்டிமீட்டர் போகும். ஆக ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால் ஓட்டிவிடலாம். இன்னும் குறைந்தால் என்ஜினைச் சாய்த்துத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிப் போகலாம். 16 அடி வி-க்கு அடியில் ஓடும் கூரான முதுகெலும்பே ஒரு சாண் ஒன்றரைச் சாண் இறங்கி நிற்கும். என்ஜினோடு சேர்த்தால் 60, ஆள் நிறைந்தால் 70 சென்டிமீட்டர் தேவை. அது தரை தட்டினால் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காரும், இரண்டு பேர் இறங்கித் தள்ளினாலும் நகராது. மார்ச்சில் நீங்கள் எழுதி வந்த அளவுகளில் பாதிக்கு மேல் 70-க்குக் கீழே இருந்தால் பெரிய படகை மறந்துவிடலாம்.

கரையிலிருந்து தண்ணீர் வரை

கடைக்காரர் இதைப் பற்றிக் கேட்கவே மாட்டார். முட்டுக்காடு, முதலியார்குப்பம் மாதிரிப் படகுத்துறை நம் ஏரிகளில் கிடையாது. இருப்பது மண்கரை. அதன் உட்புறச் சரிவில் கல் பதித்திருக்கும், கல்லுக்கு இடையில் முள் முளைத்திருக்கும். அந்தச் சரிவில் படகை இறக்கவேண்டும், சாயந்திரம் ஏற்றவேண்டும்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று ஒரு தட்டைப் படகை இறக்குவதைப் பாருங்கள், தேவையானதெல்லாம் தெரிந்துவிடும். நாலு பேர் நாலு மூலையில். மேலே இருக்கும் இரண்டு பேர் கயிற்றை இடுப்பில் சுற்றி மெல்ல விடுவார்கள். கீழே இருப்பவர் ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவிக்கொண்டு பின்னோக்கி இறங்குவார். "டேய் தம்பி, கல்லு மேல உக்கார விடாத, தூக்கிப் பிடி" என்று பெரியவர் ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். கல்லில் உரசிய ஃபைபரில் தண்ணீர் உள்ளே இறங்க ஆரம்பித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். படகு மிதந்தபிறகுதான் என்ஜின் வரும், தனியாக, கோணிச் சாக்கு சுற்றி, ஒருவர் தோளில்.

12 அடி அலுமினியத் தட்டை 60 முதல் 80 கிலோ இருக்கும். ஃபைபர் இன்னும் கொஞ்சம் கூடும். 9.9 என்ஜின் 40 கிலோவை ஒட்டி. இவ்வளவுதான் நாலு ஆள் வேலை. 16 அடி ஃபைபர் வி 250 முதல் 350 கிலோ, 40 குதிரைசக்தி என்ஜின் 75 முதல் 100 கிலோ. இதற்கு டிரெய்லர் வேண்டும், இழுக்க டிராக்டர் வேண்டும், டிராக்டர் தண்ணீர் ஓரம் வரை இறங்கக் கெட்டியான தரை வேண்டும். உள்வாய்ப் பக்கத்துக் களிமண்ணில் டிரெய்லர் சக்கரம் அச்சுவரை புதையும். அதனால் பெரிய படகை வாங்கியவர்கள் அதைத் தண்ணீரிலேயே கட்டிப்போட்டு வைக்கிறார்கள். இரவு காவலுக்கு ஆள் போடவேண்டி வருகிறது, வெயிலிலும் மழையிலும் படகு கிடக்கிறது, அடிப்புறத்தைப் பார்க்கவே முடிவதில்லை. நான்கு பேர் தூக்க முடியாத படகை, இறக்கும் தளம் இல்லாத ஏரிக்கு வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துப் போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்புறம் என்ன செய்கிறது

வேகமாகப் போகும்போது கூரான அடிப்புறம் அலையை வெட்டிக்கொண்டு இறங்குகிறது, அதிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. வி படகின் பெருமை இதில்தான் இருக்கிறது. ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் வரைந்த ஆழமான வி படகு 1960-இல் மயாமி–நாசாவு கடல் பந்தயத்தில் கொந்தளிப்பான கடலில் முதலாவதாக வந்ததிலிருந்துதான் உலகம் முழுக்க இந்த வடிவம் பரவியது. அது பிறந்தது கடலுக்காக, வேகத்துக்காக. நம் ஏரியில் வலை விரித்துக்கொண்டே மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் நகரும்போது அந்தக் கூருக்கு வேலையே இல்லை. விலையும் எடையும் ஆழமும் மட்டும் கூடியிருக்கும்.

தட்டை அடிப்புறம் தண்ணீர் மேல் அகலமாக உட்காருகிறது. ஒருவர் ஓரத்தில் எழுந்து நின்று வீச்சுவலை வீசினாலும் அசையாது. அதே இடத்தில் வி படகில் நின்றால் முதலில் உங்கள் பக்கம் சாயும். புதியவர் பயந்துபோவார். ஆனால் ஓரளவு சாய்ந்ததும் அதன் பக்கவாட்டு வயிறு தண்ணீரில் அழுந்தி எதிர்த்துப் பிடிக்கும், மேலும் சாய விடாது. தட்டை அப்படி எச்சரிக்காது. ஓர் அளவு வரை உறுதியாக நின்றுவிட்டு, விளிம்பு தண்ணீரைத் தொட்ட கணத்தில் மொத்தமாகக் கவிழும். தட்டை வாங்குகிறவர் மனதில் வைக்கவேண்டிய ஆபத்து இதுதான். எல்லோரும் ஒரே பக்கம் வலை இழுக்கக் குனிவதை அனுமதிக்கக் கூடாது. ஒருவர் குனிந்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்காரவேண்டும்.

உள்ளே தேங்கும் தண்ணீரும் அப்படியே. 12 அடித் தட்டைக்குள் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 200 கிலோவுக்கு மேல் எடை. அது ஒரே இடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். வி படகில் உள்ளே வந்த தண்ணீர் நடுப்பள்ளத்தில் சேர்ந்து நிற்கும், அள்ளி ஊற்றுவதும் எளிது. ஆகவே தட்டையில் ஒரு வாளியும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவும் எப்போதும் கயிற்றில் கட்டியிருக்கட்டும்.

அலையில் என்ன ஆகும்? காவேரிப்பாக்கம் மாதிரி அகன்ற ஏரியில் காற்று நீளவாக்கில் அடித்தால் முழங்கால் உயரத்துக்குக் குட்டை அலைகள் நெருக்கமாக எழும். தட்டையில் அந்த அலைமேல் வேகமாகப் போனால் ஒவ்வொரு அலையும் அடியில் அறையும், முதுகில் இடிக்கும், முன்னால் இருப்பவர் நனைவார். வேகத்தைக் குறைத்து, அலையைச் சற்றுக் கோணத்தில் வாங்கி வந்தால் பத்திரமாகக் கரை சேரலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. முகப்பு மட்டும் கூராக இருந்து பின்னால் போகப்போகத் தட்டையாகும் அரை வி. 14 அடியில் இது கிடைத்தால் நின்று பாருங்கள். அகன்ற ஏரியில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். 12 அடித் தட்டையை விட அலையில் சுகம், பெரிய வி அளவுக்கு ஆழம் கேட்பதில்லை, ஆறு பேர் இருந்தால் தூக்கிவிடலாம்.

எத்தனை பேர், எவ்வளவு சுமை

அமெரிக்கக் கடலோரக் காவல் படை 20 அடிக்குக் குறைவான படகுகளுக்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15-ஆல் வகுக்கவேண்டும். 12 × 4.5 ÷ 15 = 3.6, ஆக மூன்று பேர். 16 × 6 ÷ 15 = 6.4, ஆக ஆறு பேர். பின்னத்தை மேலே ஏற்றக் கூடாது, கீழே இறக்கவேண்டும். இதுவும் அமைதியான தண்ணீருக்குத்தான். வலையும் மீனும் ஐஸ் பெட்டியும் ஏறினால் 65 கிலோவுக்கு ஓர் ஆளைக் குறையுங்கள்.

இன்னொரு கணக்கு உங்கள் படகிலேயே செய்து பார்க்கலாம். 12 அடித் தட்டை, சுமார் 40 கிலோ ஏற ஏற ஒரு சென்டிமீட்டர் அமிழும். அரிசி மூட்டைகளை ஏற்றி, பக்கவாட்டில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். தண்ணீருக்கு மேலே நிற்கும் விளிம்பு ஒரு சாணுக்குக் குறையும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் கோடு ஒன்றைச் சுற்றிலும் போடுங்கள். அந்தக் கோடு நனைந்தால் யார் சொன்னாலும் படகு கிளம்பக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. அன்று வீடு திரும்பாதவர்களை நினைத்துத்தான் இந்தக் கோட்டைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குக் குழந்தை அளவில். அது இருக்கைக்கு அடியில் கிடந்து பயனில்லை, உடம்பில் இருக்கவேண்டும்.

படகு கவிழ்ந்தாலும் மிதக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஃபைபரும் அலுமினியமும் தண்ணீரை விடக் கனமானவை. உள்ளே ஃபோம் அடைத்த அறைகள் இல்லாவிட்டால், தண்ணீர் நிறைந்ததும் என்ஜினோடு அடிக்குப் போய்விடும். 100 லிட்டர் ஃபோம் ஏறக்குறைய 95 கிலோவைத் தாங்கும். 1961-இல் பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகை, அதைச் செய்தவர் தண்ணீரிலேயே ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மிதந்த பாதியில் உட்கார்ந்தபடி படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படகின் சுவர் முழுக்க ஃபோம் இருந்ததால் அது முடிந்தது. இருக்கைக்குக் கீழே தட்டிப் பாருங்கள். வெற்றாக ஒலித்தால், மூடி திறந்து காட்டச் சொல்லுங்கள்.

என்ஜின்

இரண்டு படகுக்கும் ஒரு பொது உண்மை. படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்வரை அதன் நீளம்தான் வேகத்துக்கு எல்லை. தண்ணீர் தொடும் நீளம் 12 அடி என்றால் மணிக்கு எட்டரை கிலோமீட்டர், 16 அடி என்றால் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் போக, படகு தண்ணீர்மேல் ஏறி வழுக்கி ஓடவேண்டும். அதற்கு ஒரு குதிரைசக்திக்கு 20 கிலோ அளவில்தான் மொத்த எடை இருக்கலாம்.

இப்போது 16 அடி வி-யைக் கணக்குப் போடுங்கள். படகு 300, என்ஜின் 80, ஐந்து பேர் 325, பெட்ரோலும் சாமானும் 45. மொத்தம் 750 கிலோ. 40 குதிரைசக்தி இருந்தால் ஏறி ஓடும். 25 இருந்தால் ஏறாது. பின்பக்கம் அமிழ்ந்து, முகப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு திணறும். விலையைக் குறைத்துக் காட்டப் பெரிய வி-யில் 25-ஐ மாட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கையை வாங்காதீர்கள். 12 அடித் தட்டையில் 9.9 இரண்டு பேரை ஓரளவு ஏற்றி ஓட்டும், மூன்று பேரும் மீனும் சேர்ந்தால் மெதுவாகத்தான் வரும். ஏரி வேலைக்கு அது போதும்.

முழு வேகத்தில் நான்கு ஸ்ட்ரோக் 9.9 என்ஜின் மணிக்கு மூன்றரை முதல் 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், 40 குதிரைசக்தி 13 முதல் 15 லிட்டர். இன்றைய பெட்ரோல் விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள், மீன் விற்ற காசு எங்கே போகும் என்று தெரியும். எவ்வளவு எடுத்துப் போனாலும் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவைக்காமல் இருக்க.

என்ஜினை மாட்டும் பின்பலகையின் உயரத்தை டேப் வைத்து அளந்த பிறகே என்ஜின் வாங்குங்கள். 15 அங்குலப் பலகைக்குக் குட்டைக் கால், 20 அங்குலத்துக்கு நீளக் கால். குட்டைப் பலகையில் நீளக் காலை மாட்டினால் ஏரித்தரையை உழும். மாற்றி மாட்டினால் ப்ரொப்பெல்லர் காற்றை வெட்டும்.

ஆகாயத்தாமரை உள்ள ஏரியில் அவுட்போர்டு அடிக்கடி திணறும். வேர்க்கற்றை ப்ரொப்பெல்லரில் சுற்றும், குளிர்நீர் உறிஞ்சும் துளையை அடைக்கும். ஓடும் என்ஜினின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றால் உடனே அணையுங்கள், இல்லையென்றால் நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். ஓட்டுகிறவர் கில் ஸ்விட்ச் கயிற்றை மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்கவேண்டும். அவர் தவறி விழுந்தால் என்ஜின் நிற்பது அந்தக் கயிற்றால்தான். ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும்.

பெரிய வி எப்போது சரி

சாத்தனூர் மாதிரிப் பெரிய நீர்த்தேக்கம், இறக்கத் தளம், வேலைக்கு அனுமதி, தினமும் நாலைந்து பேரைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் தேவை. இந்த நான்கும் சேர்ந்தால் 16 அடி வி-யை 40 குதிரைசக்தியோடு வாங்குங்கள். அங்கே முதலைகள் இருப்பதால் உயர்ந்த விளிம்பும் நல்லதே.

பழவேற்காட்டுக்கு வி-தான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் காயல் சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். பல இடங்களில் நம் ஏரியை விட ஆழம் குறைவு. வி தேவைப்படுவது முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவருக்கு மட்டும். முகத்துவாரத்தில் அலை உடைந்து மடங்கும் இடத்தை, அங்கேயே பிறந்து வளர்ந்த மீனவர் இல்லாமல் வேலூரிலிருந்து போன ஒருவர் தாண்ட முயலக் கூடாது. குடும்பத்தோடு பொழுதுபோக்கப் போகிறீர்கள் என்றால் படகே வாங்காதீர்கள். முட்டுக்காட்டிலோ முதலியார்குப்பத்திலோ சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மோட்டார் படகில் ஏறுங்கள். ஏலகிரி புங்கனூர் ஏரியில் மிதிபடகில் சுற்றிவரலாம்.

பாலாற்று வெள்ளத்துக்கு என்று வாங்குகிறவர்களுக்கு

உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். 1903-இல் வாணியம்பாடியை அடித்துப்போன ஆறு இது. நந்தி மலைப் பக்கம் பிறந்து மூன்று மாநிலம் கடந்து வரும் ஆற்றில், நம் ஊரில் மழையே இல்லாத நாளில்கூடத் தண்ணீர் வரலாம். ஆனாலும் ஓடும் வெள்ளத்தில் இந்த இரண்டு படகையும் புதியவர் இறக்கக் கூடாது. தடுப்பணையைத் தாண்டிக் கொட்டும் தண்ணீர் கீழே திரும்பிச் சுழலும். மேலிருந்து பார்த்தால் மிரட்டாது, மாட்டிய படகை அது வெளியே விடாது. மின்கம்பி, வேலி, மிதந்து வரும் மரம் எல்லாம் கலங்கிய நீரில் மறைந்திருக்கும். பக்கவாட்டில் நீரோட்டம் அழுத்தும் தட்டைப் படகு ஒரு தூணில் ஒட்டினால் மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறிக் கவிழும். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன் அரக்கோணத்திலேயே இருக்கிறது. அவர்கள் காற்றடைத்த ரப்பர் படகில் வருகிறார்கள்.

ஊர்ப் படகால் ஆகக்கூடிய வேலை வேறு. ஓட்டம் இல்லாமல் தெருவிலும் வயலிலும் தேங்கி நிற்கும் தண்ணீரில் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் பாலையும் மருந்தையும் கொண்டுபோவது. அதற்கு 12 அடித் தட்டை மிகப் பொருத்தம், அதுவும் பெரும்பாலும் துடுப்பிலும் கழியிலும். தண்ணீரில் இருக்கும் ஆளை நெருங்கும்போது என்ஜினை அணைத்துவிடவேண்டும். பின்பக்கமாக ஏற்றக் கூடாது, ப்ரொப்பெல்லர் அங்கேதான் இருக்கிறது. நங்கூரத்தை ஒருபோதும் பின்பக்கம் கட்டாதீர்கள். நீரோட்டம் பின்பலகையை அழுத்தி உள்ளே புகுந்துவிடும்.

அனுமதி

ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மீன்பாசி ஏலம் எடுத்ததால் என்ஜின் படகு ஓட்டும் உரிமையும் வந்துவிட்டதாக எண்ணவேண்டாம், குடிநீர் எடுக்கும் இடத்தில் பெட்ரோல் என்ஜினுக்கு மறுக்கலாம். எழுத்தில் வாங்குங்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் ஆய்வும் காப்பீடும் கேட்கிறது. விற்பவரிடம் பழைய பதிவுத் தாள் இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

பழைய படகு என்றால்

பலரும் கடலோரத்திலிருந்து பழையதைத்தான் கொண்டுவருகிறார்கள். பகலில், காய்ந்த நிலையில், கவிழ்த்துப்போட்டுப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் கவனம். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை விரல் நுனியில் பிடித்து அடிப்புறம் முழுக்க ஒரு சாணுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல ஃபைபர் கணீரென்று பதில் சொல்லும். அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பின்பலகை மிக முக்கியம். அதற்குள் மரம் இருக்கும், போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்திருக்கலாம். என்ஜினின் மேல்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பலகையும் சேர்ந்து வளைந்தால் பேரம் பேசவேண்டாம், திரும்பிவிடுங்கள்.

கடலில் ஓடிய என்ஜினில் உப்பு உறைந்திருக்கும். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் பல்சக்கரங்கள் இருக்கும் கீழ்ப்பெட்டியின் எண்ணெய் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். வருவது பால்கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஏரியிலோ அதுபோன்ற தண்ணீரிலோ முழுச் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். விற்பவர் தனியாக ஓட்டிக் காட்டுவதில் எதுவும் தெரியாது. நீங்கள் கூட்டிப்போகப் போகும் ஆட்களை ஏற்றுங்கள். ஒருவரை ஓரத்தில் நிற்கச் சொல்லுங்கள், முழு வட்டம் இரண்டு பக்கமும் திருப்புங்கள், காற்றுக்கு எதிராக வாருங்கள். நடு ஏரியில் என்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பில் கரைக்கு வாருங்கள். 16 அடி வி இந்தக் கடைசிச் சோதனையில்தான் பலருக்கு வேண்டாமென்று ஆகிறது. காற்று எதிர்த்தால் இரண்டு பேர் சேர்ந்து வலித்தாலும் அது நகர்வது கடினம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் வெயிலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். வேலூர் வெயிலில் ஃபைபர் வெளுத்து மாவாக உதிரும். ஏரி வற்றியதும் படகை வீட்டுக்குக் கொண்டுவந்து, தரையில் படாமல் இரண்டு பனங்கட்டை மேல் கவிழ்த்து வைத்து, தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். தார்ப்பாயை நேராக ஒட்டிப் போர்த்தினால் உள்ளே வெந்துபோகும். பெட்ரோல் டேங்கைக் காலி செய்து நிழலில் வையுங்கள், கார்புரேட்டரில் மிஞ்சியதையும் ஓட்டித் தீருங்கள். என்ஜினைப் படுக்கப் போடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ப்பெட்டி எண்ணெயை மாற்றி, குளிர்நீர்த் துளைக்குள் குளவி கூடு கட்டாதபடி துணி அடைத்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்தத் துணியை எடுக்கவேண்டும் என்று என்ஜின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.